மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பாட்டுக்காரர்

எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். வாசல் காவலாளி அவளைவிட வயதில் மூத்தவர்; அவருக்கும் அக்கா. ஒருமுறை மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் போகும்போது "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் அவர் முதல்முதலாக வந்திருந்தார். இப்படி ஊருக்கே அக்காவாக இருந்தவளுக்குக் கூடப் பிறந்தது ஒரே ஓர் அண்ணன். அவரும் வெளிநாட்டில் இருந்தார்.

அவள் படங்களை வெட்டி ஒட்டும் எடிட்டர். நான் அடுத்த அறையில் ஒலி சேர்ப்பவன். படம் பார்க்கிறவர்கள் என் வேலையைக் கவனிக்கவே மாட்டார்கள். கவனித்தார்கள் என்றால் நான் எங்கேயோ சொதப்பியிருக்கிறேன் என்று அர்த்தம். பதிவில் விழுந்த இருமலை எடுத்துவிடுவேன், நாற்காலி கிரீச்சிடுவதை எடுப்பேன், பேசுகிறவர் எச்சில் விழுங்குவதை எடுப்பேன். இத்தனை வருஷம் இதைச் செய்துவிட்டு எனக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை ஒன்றும் மிச்சமில்லை. அக்கா மட்டும் விதிவிலக்கு. அவள் இருக்கிற இடத்தில் சத்தமே இருக்காது. அவள் அறையில் ஜன்னல் கிடையாது. இரண்டு திரைகள், முதுகுக்கு ஒரு பழைய தலையணை கட்டிய நாற்காலி, ஒரு பிளாஸ்க், அவ்வளவுதான்.

கல்யாண வீடியோ கடையில் போன் எடுக்கும் வேலைக்குத்தான் முதலில் சேர்ந்தாளாம். வெட்டி ஒட்டுகிற ஆள் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். கடைக்காரர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தவித்தபோது, "நான் வேணா பார்க்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். அதற்குப் பிறகு அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. கல்யாண வீட்டில் யார் அழுதது நிஜம், யார் அழுதது கேமராவுக்காக என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவாள். சித்தி அழுததை வைத்துக்கொள்வாள், அத்தை அழுததைத் தூக்கிவிடுவாள். அத்தை வீட்டிலிருந்து சண்டைக்கு வந்த கதைகளை அவள் சொல்லிக் கேட்டால் வயிறு வலிக்கும்.

ஊரான் வீட்டுக் கல்யாணத்தையெல்லாம் பார்த்தவளுக்குத் தன் கல்யாணத்தைப் பார்க்க நேரமில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தார். "வயசு தாண்டிப்போச்சுடா, நான் பார்க்காத நேரமா பார்த்து" என்பாள். அம்மா போன பிறகு அந்த இரண்டு அறை வீட்டில் அவளும் ஒரு வானொலியும்தான். காலையில் வானொலியை அணைக்காமலே வேலைக்கு வந்துவிடுவாள். "சாயங்காலம் கதவைத் திறக்கும்போது உள்ள யாராவது பேசிட்டு இருக்கணும்ல?" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார். சாப்பிட்டியா, உடம்பு பரவாயில்லையா, சரி வெச்சிடட்டுமா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இப்படிப்பட்டவளிடம்தான் அந்தப் படம் வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவனை நாங்கள் பாக்கெட் என்று கூப்பிடுவோம். அவன் போட்டிருக்கும் கையில்லாத சட்டை முழுக்கப் பாக்கெட்டுகள். ஆனால் பேனா கேட்டால் ஒன்றில்கூட இருக்காது. ஒரு பழைய ராக் பாட்டுக்காரரின் வாழ்க்கையைப் படமாக எடுக்கிறேன் என்று இரண்டு வருஷம் அவர் அறையிலேயே கேமராவோடு குடியிருந்திருக்கிறான்.

பாட்டுக்காரரை ஒருகாலத்தில் எல்லோருக்கும் தெரியும். எலக்ட்ரிக் கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் போடும் கூச்சலில் அரங்கத்துக் கூரை பிய்த்துக்கொண்டு போகும். ரசிகர்கள் வைத்த பெயர் 'இடி'. பிறகு குடி. ஒரு கச்சேரியில் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு மேடையிலிருந்து கீழே விழுந்தார். குழு கலைந்தது. டிரம்ஸ் வாசித்தவர் வீட்டுத் தரகர் ஆகிவிட்டார். மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஆஸ்பத்திரி. இப்போது குடியை விட்டுவிட்டு, ஒரு டயர் கடை மாடியில் ஒற்றை அறையில் இருக்கிறார். பழுதான ஸ்பீக்கர்களைச் சரிபார்த்துக் கொடுத்துக் காலம் தள்ளுகிறார். கீழே டயர் வெடித்தால் இடி நடுங்கிப்போகிறார். பாக்கெட் அந்த நடுக்கத்தை மட்டும் வெவ்வேறு கோணத்தில் எடுத்து வைத்திருந்தான்.

எடிட்டர் என்றால் எடுத்தது எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். படத்தில் வரப்போவது கொஞ்சம்; பார்க்க வேண்டியது மலையளவு. அவர் முகம் மழிப்பது, மூக்குக் கண்ணாடியைத் தேடுவது, முட்டியில் தைலம் தேய்ப்பது, சும்மா உட்கார்ந்திருப்பது எல்லாவற்றையும் அக்கா கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள். மாதக்கணக்கில் பார்த்தாள்.

கொஞ்ச நாளில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கேட்கத் தொடங்கியது. "கண்ணாடி தலை மேலதாங்க இருக்கு." கொஞ்சம் கழித்து, "ஐயோ, அந்தச் சின்ன மாத்திரையை வெறும் வயித்துல போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று எட்டிப் பார்த்தால் அறையில் அவள் ஒருத்திதான். திரையில் பாட்டுக்காரர் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் மதியம் கேபிள் ஒன்றை எடுக்க உள்ளே போனேன். அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மடியில் வைத்திருந்தாள். திரையில் பாட்டுக்காரர் அவித்த முட்டையை ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாய் எடுத்தால் இவளும் ஒரு வாய். அவர் தண்ணீர் குடித்தால் இவளும் டம்ளரை எடுத்தாள். அவர் சாப்பிடும் காட்சிகளை மட்டும் தனியாகச் சேர்த்து வைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. படத்தில் அதில் ஒன்றுகூட வரப்போவதில்லை.

என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். கூச்சப்பட்டாள்.

"தனியா சாப்பிட்டா தொண்டையில இறங்க மாட்டேங்குதுடா."

"சரிக்கா. ஆனா அவருக்கு உங்களைத் தெரியவே தெரியாதே."

"எனக்குத் தெரியுதே. போதாதா?" என்றவள், பேச்சை மாற்றுவதற்காக, "இங்க வா, ஒண்ணு காட்டறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவள் காட்டியது இதுதான்: பாட்டுக்காரர் பொய் சொல்லும்போது இடது காது மடலைத் தேய்க்கிறார். பாக்கெட் கேட்கிறான், "குடிக்கணும்னு இப்பவும் தோணுதா?" "தினமும் தோணும்" என்கிறார். கை மடியிலேயே இருக்கிறது. "ரசிகர்கள் யாராவது பார்க்க வராங்களா?" "வராம? வந்துக்கிட்டேதான் இருக்காங்க." கை காதுக்குப் போகிறது. "பழைய குழு ஆளுங்க மேல கோபமா?" "சேச்சே, எல்லாம் தம்பிங்க மாதிரி." மறுபடியும் காது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கூட இருந்து எடுத்த பாக்கெட்டுக்கே தெரியாத விஷயம் அது.

படம் முடியும் கட்டத்துக்கு வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. பாக்கெட் கடைசிக் காட்சியாக வைத்திருந்தது ஒரு தொலைபேசிப் பேச்சு. பாட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து, பல வருஷமாகப் பேசாத மகளுக்கு போன் போடுகிறார். கேமரா கதவுக்கு வெளியிலிருந்து பார்க்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவர் முகம் மலர்கிறது. "அம்மா, நான்தான்மா, அப்பா பேசறேன்... சாப்பிட்டேன்மா... இல்லம்மா, இப்பல்லாம் தொடறதே இல்ல... நீ எப்படி இருக்க?" பேசி முடித்துவிட்டு வெளியே பார்த்து, "என் பொண்ணு. வாரம் ஒருமுறை கூப்பிடச் சொல்லியிருக்கா" என்கிறார். அதோடு படம் முடிகிறது.

"இதுதான்க்கா படத்துக்கு உயிரே" என்றான் பாக்கெட். "இன்னொண்ணு. முதல் திரையிடலுக்கு அந்தப் பொண்ணுக்கும் அழைப்பு அனுப்பிட்டேன். மருந்துக் கடையில வேலை பார்க்குதாம். நம்ம ஆள் நேர்ல போய்க் கொடுத்துட்டு வந்தான். பாட்டுக்காரர்கிட்ட சொல்லாதீங்க, அவருக்கு அது இன்ப அதிர்ச்சியா இருக்கட்டும்."

அவன் போன பிறகு அக்கா என் கதவைத் தட்டினாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"அந்த போன் காட்சியில அவர் காதைத் தேய்க்கிறார்டா. பேச ஆரம்பிச்சதுலருந்து வைக்கிற வரைக்கும்."

பாட்டுக்காரரின் சட்டைக் காலரில் குட்டி மைக் ஒன்று குத்தியிருந்தார்கள். போன் அதற்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. அவர் குரலை இறக்கி, அடியில் இருக்கிற சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனேன். டயர் கடையின் காற்றடிக்கும் மோட்டார், கட்டில் முனகுவது, அவர் மூச்சு. அதற்கும் அடியில், சின்னதாக, ஒரு பெண் குரல். நிதானமாக, கோபமே இல்லாமல், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. நீங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை.

அந்தக் குரலிடம்தான் அவர் சாப்பிட்டேன்மா என்று சொல்லியிருக்கிறார். வெளியில் நிற்கிறவர்கள் கேட்கட்டும் என்று, தனக்கும் பேச ஒரு ஆள் இருக்கிறது என்று அவர்கள் நினைக்கட்டும் என்று. நான் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அழுத்தமான ஆள்தான் நான். அன்றைக்கு என்னவோ செய்துவிட்டது. அக்கா அந்த ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு அவளும் கேட்டாள்.

"பாக்கெட்கிட்ட சொல்லிடலாமாக்கா?"

"சொன்னா என்ன பண்ணுவான்னு நினைக்கிற?"

யோசிக்கவே தேவையில்லை. பாக்கெட் கெட்டவன் இல்லை. ஆனால் நல்ல காட்சி கிடைக்குமென்றால் சொந்தக் கல்யாணத்தையே இன்னொரு தடவை நடத்தச் சொல்லுகிற ஆள். அந்த மெஷின் குரலை அரங்கமே அதிர ஏற்றி வைக்கச் சொல்லுவான். ஊர் கூடியிருக்கும் இடத்தில், மகள் எதிரில், பாட்டுக்காரர் உடுத்த துணியில்லாமல் நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

"சொல்லாம அப்படியே விட்டா?"

"விட்டா அது இன்னும் மோசம். ஊருக்குத் தெரியாது, ஆனா அந்தப் பொண்ணுக்குத் தெரியும்ல, தான் பேசவே இல்லன்னு? கேமரா முன்னாடி என் பேரைச் சொல்லி நாடகம் போட்டாரேன்னு எழுந்து போயிடுவா. அழைப்பைக் கையில வெச்சுக்கிட்டு இப்பதான் வரலாமான்னு யோசிச்சுட்டு இருப்பா. அப்படி ஒருதடவை எழுந்து போயிட்டா அப்புறம் திரும்பி வர மாட்டா." பிறகு, "அந்த மனுஷனுக்கு வேற யாருடா இருக்கா?" என்றாள்.

உங்களுக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டேன்.

"நீ ஒரு பொய் சொல்லணும்" என்றாள்.

"நானா?"

"நான் சொன்னா, 'அக்கா, உங்களுக்கு மனசு இளகிடுச்சு'ம்பான். உன் மெஷின்ல சிவப்பும் பச்சையுமா ஏதேதோ ஓடுது பாரு, அதைக் காட்டிச் சொன்னா நம்புவான்."

வாழ்நாள் முழுக்க இரைச்சலை எடுத்துக்கொண்டிருந்தவன், அன்றைக்கு முதல்முறையாக ஒரு பேச்சில் இரைச்சலைச் சேர்த்தேன். மைக் சட்டையில் உரசியதுபோல், வார்த்தைக்கு வார்த்தை கரகரவென்று. மறுநாள் பாக்கெட்டைக் கூப்பிட்டுப் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். "உங்க லேப்டாப்ல கேட்டா தெரியாது. அரங்கத்துல போட்டா பல்லை இளிச்சிடும்" என்றேன்.

அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அவரைத் திரும்பப் பேச வெச்சு எடுத்துடட்டுமா?"

"பேச வெக்கலாம்" என்றாள் அக்கா. "அந்தப் பக்கம் இருக்கிற பொண்ணையும் அதே மாதிரி திரும்பப் பேசச் சொல்லுவியா?"

அது நடக்காது என்று அவனுக்கே புரிந்தது. "அப்போ எதுலக்கா படத்தை முடிக்கிறது?"

அக்கா ஏற்கெனவே வெட்டி வைத்திருந்தாள். பாட்டுக்காரர் எண்ணை அழுத்துகிறார். தப்பாகிவிடுகிறது. கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி அழுத்துகிறார். போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். கீழே பட்டென்று ஒரு டயர் வெடிக்கிறது. எப்போதும் நடுங்குகிற மனிதர் இந்த ஒருமுறை அசையவில்லை; காது முழுக்க போனில் இருக்கிறது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் படம் முடிகிறது. ஒரு பொய்கூட இல்லை. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்று குழந்தைக்கும் புரியும்.

பாக்கெட் அதை இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தான். "பரவாயில்லையே" என்றான். சாயங்காலத்துக்குள் அது தன்னுடைய யோசனை என்று எல்லோரிடமும் சொல்லத் தொடங்கிவிட்டான்.

முதல் திரையிடல் ஒரு சின்ன அரங்கத்தில், பகலில் நடந்தது. அக்கா இஸ்திரி போட்ட புதுப்புடவையில் வந்தாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை. முன்வரிசையில் பாட்டுக்காரர், ஒருகாலை நீட்டி வைத்தபடி. "முட்டி இன்னும் சரியாகல போல" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். நாங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எங்களுக்கு நாலு இருக்கை தள்ளி, கதவை ஒட்டி, ஒரு பெண் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது. எந்த நேரமும் எழுந்து போய்விடலாம் என்பதுபோல் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

படம் ஓடியது. அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா மேடையிலிருந்து விழுகிற பழைய காட்சி வந்தபோது அந்தப் பெண் கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். எழுந்துவிடப்போகிறாள் என்று நினைத்தேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. கடைசிக் காட்சி வந்தது. அவர் எண்ணை அழுத்தினார், தப்பானது, மறுபடி அழுத்தினார். டயர் வெடித்தது. திரை இருண்டது. அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

விளக்கு போட்டார்கள். பாக்கெட் மேடையேறி கேமராக்காரருக்கு நன்றி சொன்னான், டயர் கடை முதலாளிக்கு நன்றி சொன்னான், கட்டில் கொடுத்து உதவியவருக்கும் நன்றி சொன்னான். எங்கள் பெயர்கள் திரையில் ஓடியபோது எல்லோரும் எழுந்து கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் எதிர்த்திசையில் நடந்து முன்வரிசைக்குப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

பாட்டுக்காரர் அவளைப் பார்த்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நம்பரை மாத்திட்டேன்பா" என்றாள். "வேணும்னுதான் சொல்லல."

"தெரியும்மா. மெஷின்ல ஒரு பொண்ணு பேசுமே, அது சொல்லுச்சு." கை நாற்காலியைப் பிடித்தபடியே இருந்தது, காதுக்குப் போகவில்லை.

"எத்தனை தடவை போட்டீங்க?"

"அந்தப் பொண்ணுக்கே சலிச்சுப்போயிருக்கும்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவர் கையிலிருந்த போனை வாங்கித் தன் புது எண்ணை அதில் போட்டுக் கொடுத்தாள். அவர் அதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்போல் பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா அதற்குமேல் பொறுக்கவில்லை. சந்தோஷம் தாங்காமல் நேராக அவர் முன்னால் போய் நின்றாள். அவளுக்கு எல்லாம் மறந்துபோய்விட்டது.

"முட்டி வீக்கம் வடிஞ்சுதா? தைலத்தை மேல இருந்து கீழ தேய்க்கறீங்க, அதான் கேட்க மாட்டேங்குது. அந்தச் சின்ன மாத்திரையையும் வெறும் வயித்துல போடாதீங்க, அதுலதான் நெஞ்சு எரியுது."

வீட்டு மனுஷரிடம் பேசுகிற உரிமையோடு பேசினாள். பாட்டுக்காரர் விழித்தார். மரியாதையாக ஒரு புன்னகை, அதற்குப் பின்னால் கொஞ்சம் பயம். மகள் அவரைப் பார்த்தாள்.

"யாருப்பா இவங்க?"

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மாதக்கணக்காகச் சேர்ந்து சாப்பிட்ட மனிதருக்குத் தன் முகம்கூடத் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "சார், இவங்கதான்..." என்று நான் வாயெடுத்தேன். அவள் என் காலை மிதித்தாள். ஏன் என்று பிறகுதான் புரிந்தது. எடிட்டர் என்று சொன்னால், அந்த அறையில் எடுத்தது எல்லாவற்றையும் பார்த்தவள் என்று அவருக்குத் தெரிந்துவிடும். போனில் அவர் போட்ட நாடகத்தைப் பார்த்தவள் என்றும் தெரிந்துவிடும். மகள் பக்கத்தில் நிற்கும்போது அவர் அதை நினைத்துக் கூசக் கூடாது.

"பழைய ரசிகைங்க" என்றாள் அக்கா. "சும்மா, உடம்பைப் பார்த்துக்கங்கன்னு சொல்ல வந்தேன்."

பாட்டுக்காரர் முகம் பளிச்சென்று ஆனது. மகள் எதிரில் ஒரு ரசிகை வந்து நிற்பது அவருக்குச் சின்ன விஷயமா?

"அதான் பார்த்தேன்! உள்ள வரும்போதே நினைச்சேன், எங்கேயோ பார்த்த முகமாச்சேன்னு. நம்ம கச்சேரிக்கெல்லாம் முன்வரிசையில நிப்பீங்கல்ல? நல்லா ஞாபகம் இருக்கே எனக்கு."

சொல்லிக்கொண்டே இடது காது மடலைத் தேய்த்தார்.

அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது கீழே இறங்கும்வரை பார்த்தாள்.

"ஆமாங்க" என்றாள். "முன்வரிசையிலதான்."